துறந்தவர்க்கும் வரி உண்டோ?

அரசின் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியப் பணியாற்றும் அருட்சகோதரியர், குருக்கள் ஆகியோரின் ஊதியத்திலிருந்து வருமான வரியைப் பிடித்தம் செய்யலாம் என 2024 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. துறவற சபைகளின் மேல்முறையீடுகள் தள்ளுபடியாயின. அன்றுமுதல் நம்மிடையே இரு குரல்கள் கேட்கின்றன. ஒன்று அநீதி என்கிறது. மற்றது, 'நாம் எல்லாரும் கட்டுகிறோமே' என்று சொல்லி அகன்றுவிடுகிறது. இரண்டுமே கேள்வியின் வாசலைத் தாண்டவில்லை. அந்த ஊதியம் உண்மையில் யாருடையது?

ஏழ்மை வார்த்தைப்பாடு என்பது சிக்கனமாக வாழ்வேன் என்னும் உறுதிமொழி மட்டுமன்று. துறவி தம் உழைப்பால் பெறுவது சபைக்கே உரியது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 668ஆம் விதியில் வகுக்கிறது. உடைமைகளை முற்றிலும் துறந்தவர், சொத்தைப் பெறும் தகுதியையே இழக்கிறார். இதைத்தான் வழக்கில் 'குடிமை இறப்பு' என்று வாதிட்டனர். (என்போன்ற மறைமாவட்டக் குருக்கள் இவ்வார்த்தைப்பாட்டைக் கொடுப்பதில்லை. இதை அறியாதோர் நம்முள் பலர்.)

நீலகிரியில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1876இல் மதுரை மறைத்தளத்திலிருந்து உதகைக்கு வந்த துறவியர் சிலரோடு, பாடுகளின் மரியா அன்னை தொடங்கிய சபைக்கு 1877 ஜனவரி 6 அன்று ஒன்பதாம் பத்திநாதர் ஒப்புதல் அளித்தார். பின்னாளில் பிரான்சிஸ்கன் சபையாக உலகெங்கும் பரவிய அது, நம் மலையில் பிறந்தது.

அரசும் நெடுங்காலம் இத்துறவை மதித்தே வந்தது. மறைப்பணியாளர் பெற்றுத் தம் சபைக்குச் செலுத்திவிடும் கட்டணங்களுக்கு வரி இல்லை என்று 1944இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. 1977இல் அது விளக்கம் பெற்றது. அச்சலுகை கட்டணத்துக்கே, ஊதியத்துக்கன்று என்று சென்னை உயர்நீதிமன்ற அமர்வு 2019இல் கூறிற்று.

வரிச் சட்டத்தின் அளவுகோல் எளியது. மடையிலேயே வேறு வாய்க்காலுக்குத் திருப்பப்பட்ட நீர் என் வயலின் நீரன்று. என் வயலுக்கு வந்தபின் அண்டை வயலுக்கு நான் திறந்துவிடும் நீரோ என்னுடையதே. நியமன ஆணை அருட்சகோதரியின் பெயரில் இருக்கிறது. கல்வித் தகுதி அவருடையது. வருகைப் பதிவேட்டில் கையொப்பம் அவருடையது. தேர்தல் நாளில் வாக்கும் அளிக்கிறார். வரிக்கு மட்டும் இறந்தவர் என்பது எனக்கும் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

ஆயினும் இழப்பு உண்மையானது. பிடித்தம் செய்யப்படும் தொகை அவருடைய பையிலிருந்து போவதில்லை. அவருக்குப் பை இல்லை. முதிய சகோதரியரின் மருந்துக்கும், ஏழைப் பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கும் போகவேண்டியது குறைகிறது. அறச்செயலை அரசு அறியாததன்று. பதிவுபெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டால் விலக்குத் தருகிறது. நிறுவனத்தின் கணக்கில் காணும் அறத்தை, ஆளின் ஊதியத்தில் அது அவ்வளவாகக் காண்பதில்லை.

ஆனால் அதே ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கும் மற்றோர் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். தந்தையின் மருத்துவத்துக்கும் தம்பியின் படிப்புக்கும் ஊதியம் முழுவதையும் கொடுத்துவிட்டு, தமக்கென ஒரு புடவையும் வாங்காதவர். அவருக்கும் பிடித்தம் உண்டு. அவர் கொடுப்பது துறவன்று என்று எந்தத் திருச்சபைச் சட்டத்தைக் காட்டி நாம் சொல்வோம்? நம் தரப்பு வாதங்களில் இப்பெண்ணைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை.

மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில், அரசர்கள் தம் மக்களிடமா வரி வாங்குகிறார்கள் என்று பேதுருவை ஆண்டவர் கேட்கிறார். மக்கள் கட்டவேண்டியதில்லை என்று தெளிவாக்கிய பின்னும், பிறருக்கு இடறலாகாதென மீனின் வாயில் கிடைத்த நாணயத்தால் இருவருக்காகவும் கோவில் வரியைச் செலுத்தச் செய்கிறார். உரிமையை மறுக்கவுமில்லை, பயன்படுத்தவுமில்லை. இதை வரித்துறைக்குச் சான்றாக யாரும் எடுத்துச் செல்ல வேண்டாம். அது தம் விருப்பத்தால் விட்டுக்கொடுத்தவரின் செயல்.

இனி, ஊதியத்தைக் கையாலும் தொடாத சகோதரியர், தம் பெயரில் ஆண்டுதோறும் வருமானக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. கூடுதலாகப் பிடித்தது திரும்பக் கிடைக்கவும் அதுவே வழி. பங்கில் கணக்கறிந்தவர்கள், வழக்கமான ஜூலை 31 கெடுவுக்கு முன்னதாக ஒரு மாலை அருகிலுள்ள கன்னியர் இல்லத்துக்குச் சென்று வரலாம்.