அய்யூப் நபியின் மனைவி



அய்யூப் நபி என்றதும் நமக்குப் பொறுமைதான் ஞாபகம் வரும். செல்வம் போனது, பிள்ளைகள் போனார்கள், உடம்பு நோயில் விழுந்தது. அப்போதும் அவர் ரப்பை மறக்கவில்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய காலத்திலிருந்தே கேட்டு வந்த வரலாறு இது. ஆனால் அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். மவுத்தாகிப்போன அந்தப் பிள்ளைகள் அவர் பெற்ற பிள்ளைகளும்தான்.

அவருடைய பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. ரஹ்மா என்று தப்ஸீர்களில் ஒரு பெயர் வருகிறது. ஊரார் ஒதுங்கிய பிறகும் அவர் ஒருவரே கணவரைக் கழுவித் துடைத்துப் பார்த்தார், கூலி வேலை செய்து உணவு கொண்டுவந்தார், அதுவும் கிடைக்காத நாளில் தன் கூந்தலை விற்றார் என்றெல்லாம் அறிவிப்புகள் உண்டு. கணவர் கேட்ட துஆ ஸூரா அன்பியாவில் இருக்கிறது. இவர் எப்போது அழுதார், எந்தப் பிள்ளையை நினைத்து அழுதார் என்பது எங்கும் இல்லை. பிள்ளைகளை இழந்த கையோடு கணவரின் நோயைப் பார்க்க வேண்டி வந்தவருக்கு அழ நேரம் எங்கே இருந்திருக்கும்?

ஆனால் ஸூரா ஸாதில் ஓர் ஆயத்து இருக்கிறது. நோயின் கடுமையில் மனைவி மீது எதற்கோ கோபப்பட்டு, சுகமானதும் நூறு அடி அடிப்பேன் என்று அய்யூப் நபி சத்தியம் செய்திருந்தார் என்று விளக்கவுரைகள் சொல்கின்றன. சுகம் கிடைத்ததும் ரப்பின் கட்டளை வருகிறது: ஒரு பிடி புல்லை எடுத்து அதனால் அடியுங்கள், சத்தியத்தை முறிக்காதீர்கள். சத்தியமும் நிறைவேறும், அவருக்கு வலிக்கவும் வலிக்காது. அத்தனை பணிவிடை செய்தவருக்கு அடி கூலியாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சலுகை என்று இப்னு கதீர் எழுதுகிறார். இந்த வரலாற்றில் என் மனம் நின்றுவிடுகிற இடம் இதுதான். மனிதர் யாரும் கணக்கில் எடுக்காத ஒருத்தியை ரப்பு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

நம்முடைய அம்பாறைக் கரையோரத்தில் அந்த மனைவியைப் போன்றவர்கள் பலர் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமியாகக் கடல் எழுந்தபோது மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எந்த ஊரும் தப்பவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. அதில் சிறுபிள்ளைகள் ஏராளம். அன்று 35 வயதில் பிள்ளையைப் பறிகொடுத்த உம்மா இப்போது 55-ஐத் தாண்டிவிட்டார். வாப்பாவுக்கு அறுபதுக்கு மேல். முதலில் சீனி வருத்தம், பிறகு பிரஷர், பிறகு ஒரு நாள் பாரிசவாதம்.

அந்த வீட்டின் இரவு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரையேறாமல் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். குளிசையை நேரம் பிசகாமல் கொடுக்க வேண்டும். சுபஹுக்கு பாங்கு சொன்னதும் வுழூச் செய்துவிட வேண்டும், முடியாத நாளில் தயம்மும். நடுச்சாமத்தில் ஒரு பக்கம் புரட்டிவிட்டு நிமிரும்போதுதான் பிள்ளையின் ஞாபகம் வரும். சத்தமாக அழ முடியாது. படுத்திருப்பவர் அந்தப் பிள்ளையின் வாப்பா. அவருக்குப் பேச்சு விழுந்துவிட்டாலும் காது கேட்கும். அவருக்குப் பிரஷர் ஏறிவிடும் என்று பயந்து, இவர் குசினிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்.

பிள்ளை மவுத்தானதைக் கணவர் அபூ தல்ஹாவுக்குச் சொல்லாமல், உணவு கொடுத்து ஆறுதலாக இருக்கவிட்ட உம்மு ஸுலைம் அவர்களின் வரலாற்றைப் பெண்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அவர் அதை மறைத்தது அந்த ஓர் இரவுக்குத்தான். பிறகு சொன்னார். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹிவஸல்லம் அவர்கள் இருவருக்குமாகத் துஆச் செய்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் இருபது வருஷமாக மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்களும் உண்டு. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். மனைவி படுக்கையில் விழுந்தால் அவருடைய ராத்தாமாரும் தங்கைமாரும் வந்து சூழ்ந்துகொள்வார்கள். நல்லதுதான். ஆனால் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரிடம் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேச யாரும் இல்லை.

வருத்தம் பார்க்கப் போகும் நாமும், கை அசைகிறதா, சாப்பிடுகிறாரா என்று நோயாளியைத்தான் விசாரிக்கிறோம். பிள்ளையின் பெயரை எடுப்பதில்லை. புண்ணைக் கிளறக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பல வீடுகளில் பிள்ளையின் போட்டோவையும் சேர்த்துத்தான் கடல் கொண்டுபோனது. எத்தனையோ மையத்துகளை ஒரே குழியில் அடக்க வேண்டியிருந்தது, சில கிடைக்கவே இல்லை. அந்த உம்மாவிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் மட்டும்தான். அதையும் நாம் வாயில் எடுக்காவிட்டால்?

“சபூர் செய்யுங்க, மூணு நாளைக்கு மேல துக்கம் கூடாது” என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். அந்த மூன்று நாள், அலங்காரத்தையும் நறுமணத்தையும் விட்டிருப்பதற்கான எல்லை. கண்ணீருக்கு யார் நாள் குறித்தது? மகன் யூஸுபுக்காக யஃகூப் நபி பல ஆண்டுகள் அழுதார்கள், பார்வையே போகுமளவுக்கு அழுதார்கள். இன்னுமா அந்த நினைப்பு, இதிலேயே அழிந்துபோவீர்கள் என்று சொந்தப் பிள்ளைகளே சொன்னபோது, என் துயரத்தை அல்லாஹ்விடம்தானே முறையிடுகிறேன் என்றார்கள். அழகிய பொறுமை என்று அதே யஃகூப் நபி சொன்னதையும் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது.

உடம்பும் இந்தத் துக்கத்தைச் சுமக்கிறது. டென்மார்க்கில் பிள்ளையை இழந்த பெற்றோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மற்றத் தாய்மாரைவிட அந்தத் தாய்மாருக்கு மரண ஆபத்து கூடுதல் என்று அது காட்டியது. நோயாளியைப் பராமரிக்கும் அலைச்சலும் அதோடு சேர்ந்தால் என்ன ஆகும்? கணவரின் கிளினிக் கொப்பியைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் இருக்கும் அந்த உம்மாவே, அதே நாளில் உங்கள் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். அது ஈமானின் குறைவாகாது.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிளினிக் நாளில் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போங்கள். “ராத்தா, இண்டைக்கு மச்சான நான் கூட்டிட்டுப் போறன், நீங்க ஊட்ட இரிங்க” என்று சொல்லுங்கள். திரும்பி வந்து, மச்சானைப் படுக்கவைத்துவிட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லி, இருந்திருந்தால் இப்போது எத்தனை வயது என்று கேளுங்கள். அவர் அழுதால் அழட்டும். அதுவரைக்கும் மச்சானுக்குத் தண்ணீர் கொடுக்க நீங்கள் இருக்கிறீர்கள்.