மணவறையும் விசா அலுவலகமும்

துணையோடு சேர்ந்து வாழ அயல்நாடு போவதற்கான விசா பார்வைக்கு வெறும் நிர்வாக ஆவணம். ஆனால் மதங்களும் தத்துவமும் நெடுங்காலமாக விடை தேடிவரும் ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது. இருவரைக் கணவன் மனைவி ஆக்குவது சடங்கா, கூடி வாழும் வாழ்க்கையா, அரசின் முத்திரையா? செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் இக்கேள்வி ஏட்டோடு நிற்பதில்லை. முன்பு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பிறகு வளைகுடாவுக்கும் ஆள் போய்க்கொண்டே இருக்கும் பகுதி இது.

சடங்கே போதும் என்பது மரபின் விடை. சப்தபதி உள்ள மணங்கள் ஏழாவது அடியோடு முழுமை பெறுகின்றன என்பதை 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் ஏற்கிறது. தமிழ்நாட்டின் 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் புரோகிதரும் வேண்டாம், உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே மணம் செல்லும் என்றது. இஸ்லாத்தில் நிக்காஹ் ஓர் ஒப்பந்தம்: பெண்ணின் வலீ எனப்படும் காப்பாளர், இரு சாட்சிகள், மஹர், கேட்டலும் ஏற்றலும். இவற்றில் எதுவும் இருவரும் எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று கேட்பதில்லை. மரபு இதில் எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்குச் செங்கோட்டையிலேயே சான்று உண்டு. அத்வைதப் பாடல்கள் பாடிய ஆவுடையக்காள் குழந்தைப் பருவத்திலேயே மணம் முடிக்கப்பட்டு, விரைவில் கணவனை இழந்தவர் என்கிறது வழிவழி வரலாறு. தொடங்காத இல்வாழ்க்கைக்காக ஆயுள் முழுதும் கைம்மை. சடங்கை மட்டும் நம்பும் கோட்பாடு கொண்டுபோய் விடும் இடம் அது.

விசா அலுவலகம் இதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. சார்பதிவாளர் தந்த திருமணச் சான்றிதழ், அதன் பின்பக்கத்தில் மாநில அரசின் முத்திரை, வெளியுறவு அமைச்சகத்தின் ஒட்டுவில்லை, தூதரகத்தின் கையொப்பம்: இத்தனையும் முதல் படிதான். ஆஸ்திரேலியா இருவரின் வரவுசெலவையும் வீட்டு ஏற்பாட்டையும் ஊரார் அறிந்த உறவையும் தனித்தனியே எடைபோடுகிறது. மணமாகி இரண்டாண்டு நிறையாமல் துணைவரிடம் வருபவருக்கு அமெரிக்கா நிபந்தனையுடன்கூடிய நிரந்தர வசிப்பு அட்டையே (கிரீன் கார்டு) தரும். 1986-இல் வந்த ஏற்பாடு இது. நிச்சயித்தவரை அழைத்துக்கொள்வதற்கான கே-1 விசாவுக்கு, இருவரும் முந்தைய இரண்டாண்டுக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும். பெரியவர்கள் பேசி முடித்து, மாப்பிள்ளையை வீடியோ அழைப்பில் மட்டும் பார்த்த பெண்ணுக்கு இந்த வழி எளிதில் திறப்பதில்லை. பிரிட்டன் ஒரு காலத்தில் இதைவிட ஆழமாகத் தோண்டியது. மணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் இல்லை என்று மணமக்களே நிரூபிக்க வேண்டியிருந்தது. தெற்காசியக் குடும்பங்களை வதைத்த அந்த விதி 1997-இல் நீங்கியது. உள்ளத்து நோக்கத்தை ஓர் அதிகாரி மேசைக்கு எதிரே அமர்ந்து அளந்துவிட முடியும் என்ற துணிவு வியப்புக்குரியது.

இந்த முறையின் பெரிய பிழை அதன் வட்டத்தில் இருக்கிறது. கூடி வாழ்ந்ததற்குச் சான்று இருந்தால் விசா. விசா இருந்தால்தான் கூடி வாழ முடியும். இதை நேரில் பட்டவர்கள் தென்காசி மாவட்டத்திலேயே இருந்தார்கள். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று வரையறுத்தது தொல்காப்பியம். கடையநல்லூர் முஸ்லிம்கள் அவ்வரையறையைக் கடந்து குடும்பமாகவே சிங்கப்பூர் போனார்கள். தஞ்சோங் பகார் பகுதியில் பெண்கள் மசாலா அரைத்து விற்று வீட்டுக்கு வருமானம் சேர்த்தார்கள். 1941-இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றும் அளவுக்குச் சமூகம் வேரூன்றியது. 1953-இல் அங்கே குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1959-இல் வந்த கட்டுப்பாடு, ஐந்தாண்டு தொடர்ச்சியாகக் கணவனைப் பிரிந்திருந்த மனைவியரின் நுழைவையே தடுத்தது. வறுமையும் கப்பல் கட்டணமும் உண்டாக்கிய பிரிவை, மணமே தேய்ந்துபோனதற்கான சான்றாகச் சட்டம் எடுத்துக்கொண்டது. அகத்திணை இலக்கியமோ பிரிவைக் காதலுக்குள்ளேயே வைத்துப் பார்த்தது. பொருள் தேடிப் போனவனின் மனைவி அங்கே ஒருபோதும் மனைவி அல்லாமல் ஆவதில்லை.

வளைகுடாவில் கேள்வி இன்னும் சுருக்கமானது: சம்பளம் எவ்வளவு? ஐக்கிய அரபு அமீரகத்தில் பேமிலி விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். சவுதி அரேபியா 2017-இல் உடனிருப்போர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, 2020-க்குள் அதை 400 ஆக்கியது. கட்டுப்படியாகாத பலர் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பினார்கள். பிரிட்டனும் 2024 ஏப்ரலில் துணைவர் விசாவுக்கான ஆண்டு வருமான வரம்பை 18,600 பவுண்டிலிருந்து 29,000 ஆக உயர்த்தியது. மேலாளருக்கு வாய்க்கும் இல்லறம் கொத்தனாருக்கு வாய்க்காது.

அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. பணத்துக்காக நடக்கும் போலி மணங்கள் கற்பனை இல்லை. யாரை உள்ளே விடுவது என்பதும் ஒரு நாட்டின் முடிவே. அயலானுக்கு வந்து பார்க்கும் உரிமை உண்டு, தங்கும் உரிமை இல்லை என்று 1795-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் வரையறுத்தார். 1948-இன் மனித உரிமைப் பிரகடனம் மணந்து குடும்பம் அமைக்கும் உரிமையைத் தருகிறது. தன் நாட்டைவிட்டு வெளியேறும் உரிமையையும் தருகிறது. அடுத்த நாட்டுக்குள் நுழையும் உரிமையைப் பற்றி அது பேசவில்லை. இருவேறு நாட்டவர் மணந்தால் இந்த இடைவெளியில்தான் குடித்தனம் நடத்த வேண்டும். ஒப்புநோக்க ஒரு செய்தி: 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. கேரளத்தில் நின்ற ஆரியங்காவுக்கும் புனலூருக்கும் பெண் கொடுத்து எடுத்த வீடுகளுக்கு நடுவே எல்லைக்கோடு விழுந்தது. இருபுறமும் ஒரே குடியுரிமை என்பதால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க நேரவில்லை.

போலி மணத்தைத் தேடிப் பிடிப்பது அரசின் வேலை. உண்மையான மணத்துக்கு விலை வைப்பது அதன் வேலை ஆகாது. தானே உண்டாக்கிய பிரிவைத் தம்பதிக்கு எதிரான சான்றாக எடுப்பது அதைவிடப் பெரிய அநீதி. சட்டம் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அயல்நாட்டுத் துணைவரைத் தன் நாட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் அடிப்படை உரிமை குடிமகளுக்கு இல்லை என்றே தீர்ப்பளித்தது.