ஸோஸியாவும் பிரமாணங்களும்

கி.மு. 184-இல் காலமான ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் இயற்றிய ‘ஆம்பிட்ரியோன்’ என்னும் நாடகத்தை, சிரித்து மறந்துவிடத்தக்க ஆள்மாறாட்டக் கூத்தென்றே பலரும் கொள்வர். ஆயினும், கண்ணால் கண்டதும் கருத்தால் ஊகித்ததும் ஒருசேரப் பொய்த்துப்போகுமானால் மனிதன் எதைப் பற்றிக்கொண்டு உண்மையை அறிவான் என்ற கேள்வியை நகைப்பினூடே இவ்வளவு ஆழமாகக் கேட்ட நூல்கள் சிலவே என்பது என் அபிப்பிராயம்.

சேனாதிபதி ஆம்பிட்ரியோன் போர்க்களம் சென்றிருக்கையில், தேவர்க்கரசன் ஜூபிடர் அவனுடைய உருவந்தாங்கித் தீப்ஸ் நகரில் அவன் மனைவி அல்க்மேனாவிடம் வந்து, இரவையும் விடியவொட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறான். மைந்தன் மெர்க்குரியோ அடிமை ஸோஸியாவின் வடிவில் வாசலைக் காக்கிறான். வெற்றிச் செய்தியுடன் துறைமுகத்திலிருந்து கையில் விளக்கேந்தி வரும் மெய்யான ஸோஸியா, வாசலில் தன்னையே சந்தித்து, தான்தான் ஸோஸியா என்று சொன்னதற்காக உதையும் படுகிறான்.

அடிக்கு அஞ்சி ஒருவன் தன் பெயரை விட்டுக்கொடுப்பது விந்தையன்று. ஸோஸியா அதோடு நில்லாமல், தேர்ந்த தார்க்கிகனைப் போலப் பரீட்சை வைப்பதே விசேஷம். எஜமானருக்குப் போரில் கிடைத்த பரிசு யாது என்று கேட்க, பிடெரெலாஸ் மன்னன் அருந்திய பொற்கிண்ணம் என்று பதில் வருகிறது. யுத்தம் நடந்தபோது கூடாரத்தில் தனித்திருந்த ஸோஸியா என்ன செய்தான் என்பது அவனையன்றி எவரும் அறியாத ரகசியம். நீர் கலவாத மதுவை ஒரு குடம் குடித்தான் என்று மெர்க்குரி அதையும் சொல்லிவிடவே, இவன் அந்தக் குடத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தானோ என்று மலைத்துப்போகிறான் அந்த அப்பாவி. உருவம், தழும்பு, நினைவு யாவும் பிறனிடம் போய்விட்டபின் அவனிடம் எஞ்சுவது, எப்போதும் இருந்தவனே தான் என்னும் உணர்வு ஒன்றுதான். அதை அடித்து விரட்ட மெர்க்குரியால் இயலவில்லை. ஆனால் அதைக் காட்டி வீட்டுக்குள் நுழைய ஸோஸியாவாலும் இயலவில்லை. நம் வேதாந்திகள் பெரிதும் போற்றும் அஹம் பிரத்யயம், பிறர்முன் செல்லாத சாட்சியாக இங்கே நிற்கிறது.

மறுநாள் எஜமானன் பாடும் இதுவே. நேற்றிரவே வந்தீரே, இதோ நீர் தந்த கிண்ணம் என்கிறாள் அல்க்மேனா. அவன் கொண்டுவந்த பேழையைத் திறந்தால், முத்திரை உடையாமல் இருக்க, உள்ளே கிண்ணத்தைக் காணோம். அவள் கண்டது பொய்யன்று. வேறெவனோ வந்துபோயிருக்கிறான் என்று அவன் ஊகித்ததிலும் பிழையில்லை. ஆயினும் இருவரும் உண்மைக்கு வெகுதூரத்தில் நிற்கிறார்கள்.

உண்மையோ ஒளித்து வைக்கப்படவில்லை. மெர்க்குரியின் தொப்பியில் சிறு சிறகுகளும் ஜூபிடரின் தொப்பியில் பொற்குஞ்சமும் உண்டு. ஆனால் அவை சபையோர் கண்ணுக்கு மட்டுமே புலப்படும், வீட்டார் எவருக்கும் புலப்படா என்று முன்னுரையிலேயே மெர்க்குரி அறிவித்துவிடுகிறான். நளனுடைய உருவில் வந்தமர்ந்த தேவர்களை இமையாத கண்களாலும் நிலம் தோயாத அடிகளாலும் தமயந்தி கண்டுகொண்டாள். அந்த அருள் அல்க்மேனாவுக்கு இல்லை. அடையாளம் யாருக்கு அவசியமோ அவர்களுக்கு மறுக்கப்பட்டு, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு வழங்கப்படுகிறது. நாம் சிரிப்பதும் அதனால்தான். அச்சிரிப்பில் சிறிது கொடுமையும் உண்டு.

காட்சியாகிய பிரத்தியட்சமும் ஊகமாகிய அனுமானமும் கைவிட்டபின் மிஞ்சும் பிரமாணம், நம்பத்தக்கவர் சொல்லாகிய ஆப்த வாக்கியம். குருட்டு ஞானி டைரீசியஸை அழைக்க ஆம்பிட்ரியோன் எண்ணும்போது, ஜூபிடரே தோன்றி, சோதிடர் எவரும் வேண்டாம், நடந்ததையும் நடக்கப்போவதையும் நானே சொல்கிறேன், உன் மனைவி குற்றமற்றவள் என்கிறான். ஆப்தன் என்பவன் வஞ்சனையற்றவன் என்பது இலக்கணம். இங்கே உண்மைக்குச் சான்று பகர்பவனோ வஞ்சித்தவனே. பிளாட்டஸ் இதைப் பக்தியால் எழுதினாரா, குறும்பால் எழுதினாரா என்று துணிவது கடினம். குறும்பென்றே எனக்குப் படுகிறது. ஆம்பிட்ரியோன் எதிர்க்கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்று பணிந்து, ஜூபிடரின் பொருட்டுப் பலமாகக் கைதட்டும்படி சபையோரை வேண்டிக்கொள்கிறான்.