யாருடைய பாவம்?

தான் விற்கும் பொருளில் உள்ள குறையை வாங்குபவனுக்கு எடுத்துச் சொல்ல விற்பவன் கடமைப்பட்டவனா? பதின்மூன்றாம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை எடுத்து ஆராய்ந்தார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென்றும், இடிந்து விழப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும், கெட்டுப்போன உணவை நல்லுணவென்றும் விற்பவனைப் பற்றி அவர் கூறும் தீர்ப்பு கண்டிப்பானது. குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அதைப் பார்ப்பவர் எவரும் அறிவர். அதற்கேற்ப விலையைக் குறைத்தாற் போதும், வாய் திறந்து சொல்லவேண்டியதில்லை. ஆனால் குறை மறைந்து கிடப்பதாயும், வாங்கியவனுக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்கக் கூடியதாயும் இருந்தால் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாது விடுவது வஞ்சகம். குறை இருப்பது தெரியாமல் விற்றவன் பாவஞ் செய்தவனல்லன் என்பதையும் அவர் ஏற்றுக்கொள்கிறார். ஆயினும் பின்னர் அது தெரிய வந்த நாள் தொட்டு, ஈடு செய்ய அவன் கடமைப்பட்டவன் ஆகிறான்.

தெரிய வந்த நாள் தொட்டு! சந்தையிலே குதிரை விற்கும் ஒரு மனிதனுக்கு அந்த நாள் எதுவென்று எளிதிற் கூறிவிடலாம். விற்பது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒரு கம்பனியானால்? அதற்கு ஒன்று தெரிய வருவது எப்போது? அதன் மனச்சாட்சி எந்த அறையில், எந்த மேசையில் இருக்கிறது? அன்பார்ந்த வாசகரே, இது வேலையற்றவரின் தர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். ஐக்கிய அமெரிக்காவில் 124 உயிர்கள் போனதன் பின்னர் எழுந்த கேள்வி இது.

ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1908 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் நாள் தோன்றியது. மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரில் குதிரை வண்டி செய்து பணம் சேர்த்த வில்லியம் டூரான்ற் என்பவரே அதனைத் தொடக்கியவர். மறு ஆண்டிலேயே அவர் கடிலாக் கம்பனியை வாங்கிச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடிலாக்கின் புகழுக்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லவேண்டும். பின்னர் அது நமக்குத் தேவைப்படும். 1908 இல் இங்கிலாந்தின் புறூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்று கடிலாக் கார்களைக் கடைசி ஆணி வரை கழற்றினார்கள். பாகங்களையெல்லாம் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அவற்றுட் சிலவற்றை எடுத்துவிட்டுக் களஞ்சியத்திலிருந்து புதியவற்றைப் போட்டார்கள். பின்பு அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்களைப் பூட்டி, ஒவ்வொன்றையும் 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒரே இலக்கமுள்ள பாகம் ஒரே பாகமாகவே இருக்கும் என்பது உலகுக்குக் காட்டப்பட்டது. பிரித்தானிய மோட்டார் கழகம் அதற்குப் பரிசளித்தது. பாகத்தின் மேல் இடப்பட்ட இலக்கம் ஒரு வாக்குறுதி என்று அன்று மக்கள் கண்டுகொண்டார்கள்.

கம்பனி வளர்ந்து உலகிலேயே மிகப் பெரிய கார் உற்பத்தியாளராயிற்று. பெருமையோடு செருக்கும் வந்தது. 1965 இல் ரால்ப் நேடர் என்ற இளஞ் சட்டத்தரணி, அக்கம்பனியின் கோர்வெயர் காரையும் பொதுவாக அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பையும் குறைகூறி நூல் எழுதினார். கம்பனி அவருக்குப் பதில் எழுதவில்லை. அவருக்குப் பின்னால் துப்பறிவோரை அனுப்பியது. அது வெளிப்பட்டதும் 1966 இல் கம்பனியின் தலைவர் செனற் குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைத்துத் திருத்தும் முறை அதிலிருந்தே வேரூன்றியது.

இனி நம் விடயத்துக்கு வருவோம்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கம்பனி ஷெவ்ரோலே கோபோல்ற், சற்றேண் அயன் முதலிய சிறிய, விலை குறைந்த கார்களை விற்றது. முதன் முதலாகக் கார் வாங்கும் இளைஞரும், அதிகம் செலவழிக்க இயலாதவருமே பெரும்பாலும் அவற்றை வாங்கினார்கள். காரிலே திறப்பைப் போட்டுத் திருகும் ஆளிக்குள், திறப்பு இருந்த நிலையில் நிற்பதற்காக ஒரு சிறு முளையும் அதைத் தள்ளும் வில்லும் உண்டு. இக்கார்களில் அது பலங் குறைந்ததாக இருந்தது. கம்பனி தானே விதித்த அளவுக்கும் குறைவு. ஆதலால் திறப்புக் கொத்துச் சற்றுப் பாரமாயிருந்தாலோ, ஓட்டுநரின் முழங்கால் அதிற் பட்டாலோ, குண்டுங் குழியுமான வீதியிற் கார் குலுங்கினாலோ, திறப்புத் தானாகத் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கார் நின்றுவிடும். அதனோடு ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. மோதும் வேளையில் விரிந்து உயிரைக் காக்கவேண்டிய காற்றுப்பைகளும் செயலற்றுப் போகும். விபத்தை உண்டாக்கியதே காப்பையும் பறித்துவிட்டது.

முறைப்பாடுகள் வந்தன. கார் வாங்கியவர்கள் சொன்னார்கள், விற்பனையாளர்கள் எழுதினார்கள், 2005 இல் காரை ஓட்டிப் பார்த்த பத்திரிகையாளர்களும் எழுதினார்கள். கம்பனியின் பொறியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வியாபார நோக்கிற் பார்க்கையில் ஏற்கத்தக்க தீர்வு இல்லையென்று 2005 மார்ச்சில் கோவையை மூடினார்கள். திறப்பின் அமைப்பைச் சற்று மாற்றும் யோசனை ஒன்று பின்னர் வந்தது. அதற்குக் கார் ஒன்றுக்கு ஒரு டொலரும் ஆகாது, அதுவும் கைவிடப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் விற்பனையாளருக்கு ஒரு சுற்றறிக்கை மட்டும் போயிற்று: திறப்புக் கொத்திலுள்ள பாரமான பொருட்களை அகற்றிவிடும்படி வாடிக்கையாளருக்குக் கூறுங்கள் என்பதே அதன் சாரம். ஓடும் கார் நின்றுவிடுவதை அவர்கள் வாடிக்கையாளரின் 'வசதி' பற்றிய விடயம் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். 'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் அது வரவேயில்லை. ஒரு சொல்லைத் தவறான பெட்டிக்குள் போட்டதனால் எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

2007 இல் விஸ்கொன்சின் மாநிலப் பொலிஸ்காரர் ஒருவர், தாம் விசாரித்த ஒரு கோர விபத்திலே காற்றுப்பை விரியாததற்கும் திறப்புத் திரும்பியிருந்ததற்கும் தொடர்புண்டு என்று அறிக்கையில் எழுதினார். பெரும் பட்டம் பெற்ற பொறியியலாளர் கூட்டத்துக்குப் புலப்படாதது வீதியில் நின்ற ஒரு பொலிஸ்காரருக்குப் புலப்பட்டது. அவ்வறிக்கையின் பிரதி அதே ஆண்டிலேயே கம்பனியின் கோவைகளுக்குள் வந்து சேர்ந்தும் இருந்தது. அதைக் கருத்தூன்றிப் படித்தவர் இல்லை.

இதற்கு முந்திய ஆண்டில், 2006 ஏப்ரலில், வேறொன்று நடந்துவிட்டது. அந்த ஆளிக்குப் பொறுப்பான பொறியியலாளர், நீளமான முளையும் வில்லும் கொண்ட திருந்திய ஆளிக்கு ஒப்பமிட்டார். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் பாகத்தின் இலக்கம் மாற்றப்படவில்லை! பழைய ஆளியும் புதிய ஆளியும் ஒரே இலக்கத்தோடு உலவின. புறூக்லண்ட்ஸ் திடலில் 1908 இல் கொடுத்த வாக்குறுதி இங்கே மீறப்பட்டது. அதன் பின் செய்யப்பட்ட கார்களில் விபத்துக் குறைந்தது ஏன் என்று விளங்காமல் கம்பனியின் ஆய்வாளரே ஆண்டுக்கணக்காக மயங்கினார்கள்; ஏட்டிலே பாகம் மாறவில்லையல்லவா? 2013 இல், இறந்துபோன ஒரு பெண்ணின் பெற்றோருக்காக வழக்காடிய சட்டத்தரணி அமர்த்திய நிபுணர் ஒருவர் வெவ்வேறு ஆண்டு ஆளிகளைப் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. 2014 பெப்ரவரியிலிருந்து ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

கம்பனி தானே முன்னாள் அரச வழக்குரைஞர் ஒருவரை அமர்த்தி நடத்திய விசாரணையின் அறிக்கை 2014 ஜூனில் வெளிவந்தது. அதில் இரண்டு சைகைகளைப் பற்றிய செய்தி உண்டு. ஒன்று 'தலையசைப்பு': கூட்டத்தில் இருப்போர் எல்லோரும் 'செய்யத்தான் வேண்டும்' என்று தலையசைப்பார்கள், செய்யும் எண்ணமின்றியே எழுந்து போவார்கள். மற்றது 'வணக்கம்': இரு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே மடித்து, விரல்களால் இருபக்கத்திலும் உள்ளவரைச் சுட்டுவது. என் பொறுப்பன்று, இவருடையது, அவருடையது! அக்கம்பனிக்குள்ளேயே இவற்றுக்குப் பெயர் இருந்தது என்றால் எவ்வளவு காலப் பழக்கமாக இருந்திருக்கும்! நமது சங்கக் கூட்டங்களிலும் பங்குச் சபைகளிலும் இந்தத் தலையசைப்பை நாம் கண்டதில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சொற்களின் கதையும் உண்டு. 2008 இல் ஊழியருக்கு நடத்திய பயிற்சியில், அறிக்கைகளில் எழுதக்கூடாத சொற்களின் பட்டியல் ஒன்று காட்டப்பட்டது. 'குறைபாடு' என்று எழுதக்கூடாது. 'வடிவமைத்தபடி இயங்கவில்லை' என எழுதவேண்டும். 'பிரச்சினை' கூடாது. 'பாதுகாப்பு', 'தீமை', 'ஒருபோதும்' ஆகியவையும் கூடா. 'கோர்வெயரைப் போன்றது' என்பதும் தடை! நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் புண் ஆறவில்லை போலும். விவிலியச் சாயலுள்ள சொற்களும் தொடர்களும் கூட அப்பட்டியலில் இருந்தன. இதை வாசித்தபோது முதலிற் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை. தீமையைத் தீமை என்று எழுத முடியாத ஓர் அலுவலகத்தில், அதைத் தீமை என்று நினைப்பதும் சிறிது சிறிதாக இயலாமற் போகும்.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். யார் குற்றவாளி? பொறியியலாளருக்குப் பாகம் தெரியும், மரணங்கள் தெரியா. சட்டப் பகுதிக்கு மரணங்கள் தெரியும், பாகம் தெரியாது. முறைப்பாட்டைப் பெற்றவருக்கு இரண்டும் தெரியா. முழுமையாக அறிந்தவர் ஒருவருமில்லை என்றால், 'தெரிய வந்த நாள்' என்று ஒன்று வரவேயில்லை, ஆகவே கடமையும் பிறக்கவில்லை என்று ஒருவர் வாதிடலாம். இந்த வாதத்தை அற்பமாகத் தள்ளிவிட முடியாது. அவர்களுட் பெரும்பாலோர் நல்ல மனிதர்; பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அதே கம்பனிக் காரில் ஏற்றிச் சென்றவர்கள். கொல்லவேண்டுமென்று ஒருவரும் நினைத்திலர். கம்பனியின் 'பண்பாடு' பிழைத்தது என்றே பலரும் கூறி முடித்தார்கள்.

எனக்கு அந்த முடிவு போதவில்லை. பண்பாடு பாவசங்கீர்த்தனத்துக்கு வராது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1984 இல் ஒப்புரவையும் தவத்தையும் பற்றி விடுத்த ஊக்கவுரையில் இதனை நுணுகி ஆராய்ந்தார். ஒரு நிறுவனமோ அமைப்போ தன்னளவிற் பாவஞ் செய்வதில்லை; சமூகப் பாவம் எனப்படுவது பல தனிமனிதர் பாவங்கள் குவிந்து திரண்டதே என்பது அவர் கருத்து. அப்படிப்பட்டவருள், தீமையைத் தடுக்கவோ குறைக்கவோ இயன்றும் சோம்பலாலும் அச்சத்தாலும் மௌனத்துக்கு உடன்பட்டதாலும் வாளாவிருந்தவரையும் அவர் சேர்க்கிறார். ஒழுக்க இயல் கற்றோர் அறியாமையிலும் ஒரு வகையைப் பிரித்துக் காட்டுவர்: அறிந்தால் கடமை வந்துவிடும் என்பதற்காக, அறியாதிருக்கத் தானே தேடிக்கொள்ளும் அறியாமை. அது குற்றத்தைக் கழுவாது, கூட்டவே செய்யும். பட்டியல் போட்டுச் சொற்களைத் தடைசெய்தவர் கட்டியெழுப்பியது இந்த அறியாமையைத்தான். அறிவைத் துண்டு துண்டாக்கிவிட்டால் கடமையும் துண்டாகி மறைந்துவிடாது. தலையசைத்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. அடுத்த அறைக்குச் சென்று கேட்கும் கடமையும் அதனோடு இருந்தது.

1970 இல் வெளிவந்த திருப்பலி நூலிலேதான், சிந்தனை, சொல், செயல் என்பவற்றோடு கடமை தவறியதும் பொதுப் பாவ அறிக்கையிற் சேர்க்கப்பட்டது. அந்த நாலாவது சொல்லை நாம் எவ்வளவு விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம்!

சட்டம் தன் வழியிற் சென்றது. பதினைந்து பேர் வேலை நீக்கப்பட்டனர். நட்டஈட்டு நிதியம் 124 மரணங்களையும் 275 பேரின் காயங்களையும் ஏற்றுக்கொண்டது. 2015 செப்டெம்பரில் கம்பனி 90 கோடி டொலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தனி மனிதர் ஒருவர் மேலாவது குற்றவியல் வழக்குத் தொடரப்படவில்லை. சட்டத்துக்கு ஆள் அகப்படவில்லை.

ஆனால் ஒரே ஒருவர் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டிருந்தார். 2004 இல் டெக்சஸ் மாநிலத்தில் ஓர் இளம்பெண் ஓட்டிச் சென்ற சற்றேண் அயன் கார் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. அருகில் இருந்த அவருடைய காதலர் இறந்தார். காற்றுப்பைகள் விரியவில்லை. தம் கவனக்குறைவால் ஒருவர் உயிர் போயிற்று என்ற குற்றத்தை அப்பெண் 2007 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதற்கு ஐந்து மாதம் முன்னரே, அந்த விபத்தைத் தனக்குள் ஆராய்ந்த கம்பனி, பிழை காரிலேயே என்ற முடிவுக்கு வந்திருந்தது. அதை நீதிமன்றத்துக்கும் சொல்லவில்லை, அப்பெண்ணுக்கும் சொல்லவில்லை. எட்டாம் கற்பனையைப் பொய்ச்சாட்சி சொல்வதற்கு எதிரானது என்று படித்திருக்கிறோம். சாட்சி சொல்லாமல் இருந்தே பொய்ச்சாட்சி கூறமுடியும் என்பதை நான் இந்த வழக்கிலேதான் கண்டேன். தாம் நேசித்தவரைத் தாமே கொன்றதாக நம்பி அப்பெண் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

2014 நவம்பரில், அந்த விபத்தும் ஆளியோடு தொடர்புடையதே என்று கம்பனி அவருடைய சட்டத்தரணிக்குக் கடிதம் எழுதியது. அதே மாதம் டெக்சஸ் நீதிபதி ஒருவர் தீர்ப்பை நீக்கி அவரை விடுவித்தார்.