குடியிருக்க ஒரு பேட்டை

ஆரணியில் நெசவுத் தெருவில் பிறந்த ஒருவன் எந்தத் தெருவில் குடியிருப்பது என்று யோசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அது அவன் தீர்மானிக்கிற விஷயமாக இருந்ததில்லை. வீடு இருக்கும் இடத்தில் தறி. கூடத்தில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டுவிடும். மீதியில் சமையலும் தூக்கமும் பிள்ளைப்பேறும் சாவும். வீட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற எண்ணம் நுழைவதற்கே இந்த ஏற்பாட்டில் இடம் கிடையாது.

அண்டை வீட்டுக்காரனையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அண்டை வீட்டுக்காரன் இல்லாமல் தொழில் நடக்காது. மூன்று சேலைக்குப் பாவு என்றால் ஏறக்குறைய 18 மீட்டர் வரும். அவ்வளவு நீளமான கூடம் யார் வீட்டிலும் இல்லை. ஆகவே வெயில் ஏறுவதற்கு முன் பாவைத் தெருவில் நீட்டிவிடுகிறார்கள்; நாலு வீட்டு வாசல் அதற்கு வேண்டியிருக்கிறது. அறுந்த இழையை எடுத்து முடிகிற விரல்கள் எல்லாம் ஒரே வீட்டு விரல்கள் அல்ல. முந்தின இரவு இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பு வரை போயிருக்கலாம். ஆனாலும் காலையில் இவன் பாவு அவன் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

இதை ஒரு பொற்காலச் சித்திரமாக வரைந்து மாட்டிக்கொள்ள நான் தயாரில்லை. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரை நினைத்து உருகுகிற எழுத்து நம்மிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. பாவு தெருவின் நீளத்துக்குத்தான் ஓடியது. தெரு முடிகிற இடத்தில் ஒரு ஜாதி முடிந்தது. அப்பால் இன்னொரு தெரு, இன்னொரு ஜாதி. ஊருக்கு வெளியே சேரி. சேரியில் இருந்தவனின் வாசல் எங்கள் பாவுக்குத் தேவைப்படவில்லை. அதனால் அவனோடு சமாதானமாக இருக்க வேண்டிய நிர்ப்பந்தமும் எங்களுக்கு ஏற்படவில்லை. தேவையிலிருந்து பிறக்கிற அயல் உறவு தேவையின் எல்லையோடு நின்றுவிடுகிறது.

சென்னையின் பேட்டைகள் சிலவும் இப்படி ஆரம்பித்தவைதான். கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734இல், கும்பெனிக்குத் துணி போதவில்லை. கூவம் வளைந்து போகும் இடத்தில் சுங்குராமச் செட்டியாரின் தோட்டம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நெசவும் அதைச் சார்ந்த தொழில்களும் தெரிந்தவர்களைக் குடியேற்றினார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பது மருவி அப்படி ஆயிற்று என்று சொல்வதுண்டு. யார் எங்கே குடியிருப்பது என்பதைக் கும்பெனி முடிவு செய்தது, ஊரில் பிறப்பு முடிவு செய்ததைப் போல. தனி ஆள் ஒருவன் கையில் பெட்டியோடு வந்து இறங்கி, இந்தப் பேட்டையா அந்தப் பேட்டையா என்று நின்று யோசிப்பது அதற்கு வெகுகாலம் பிந்திய காட்சி. நம் வாழ்க்கையில் இது புதிய சுதந்திரம். அதனாலேயே அதன் தார்மீகம் என்ன என்று நாம் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை எனத் தோன்றுகிறது.

தறியை விட்டுவிட்டு ஆரணியிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறுகிற இளைஞன் வேலைக்காக மட்டும் போவதில்லை. தன்னை யாருக்கும் தெரியாத ஒரு தெரு அவனுக்கு வேண்டியிருக்கிறது. எத்தனை மணிக்கு வந்தான், யாரோடு வந்தான், என்ன சாப்பிட்டான் என்று நாலு வாசலும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து வருகிறவனுக்கு இது அற்ப ஆசை அல்ல. வாடகை, தண்ணீர், ஆபீஸுக்குப் பஸ், பக்கத்தில் ஒரு மெஸ் என்று அவன் கணக்குப் போடுகிறான். தான் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறான். வாசலுக்குப் போனதும்தான் தேர்வு நடப்பது எதிர்ப்பக்கத்திலிருந்து என்று தெரிகிறது.

புரோக்கர் முதலில் உபயோகிக்கிற வார்த்தை ‘டீசன்ட்’. ஏரியா டீசன்ட் என்பார். தெருவிளக்கையோ சாக்கடையையோ பற்றிய அபிப்பிராயம் அல்ல இது. யார் அங்கே இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழி. ‘சுத்த சைவம் மட்டும்’ என்று பலகையில் எழுதுகிறவரும் சமையலறையின் வாசனையை மட்டும் பற்றிப் பேசவில்லை. பிறகு வீட்டுக்காரர் வருவார். ஊர் எது என்பார், அப்பா என்ன செய்கிறார் என்பார். இந்த இரண்டிலும் விடை கிடைக்காவிட்டால் நேராகவே கேட்டுவிடுவார்: “நீங்க என்ன ஆளுங்க?”

பேச்சிலர் என்பதால் வீடு மறுக்கப்படுவது ஒரு சின்ன அவமானம். அதைப் பற்றி எத்தனையோ நகைச்சுவை எழுதியாயிற்று, சினிமாவிலும் பார்த்தாயிற்று. சிரிக்க முடிவதற்குக் காரணம் அந்த மறுப்புக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. இரண்டு வருஷத்தில் கல்யாணம். அதே தெருவில் அதே வீட்டுக்காரர் மாடிப் போர்ஷனைத் திறந்துவிடுவார். கெடு இல்லாத மறுப்புகளும் இருக்கின்றன. அவை இந்தக் கெடு உள்ள மறுப்பின் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நானும் ஆரணியில் என்னோடு படித்த ஒரு நண்பனும் சேர்ந்து வீடு தேடினோம். அவன் முஸ்லிம். போன இடமெல்லாம் பேச்சிலருக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். ஒரு வீட்டில் என் பெயரையும் அவன் பெயரையும் கேட்ட பிறகு சொன்னார்கள். நாலு நாள் கழித்து அதே வீட்டுக்காரர் புரோக்கர் மூலம் எனக்குச் சொல்லியனுப்பினார், தனியாக வருவதானால் பார்க்கலாம் என்று. நான் பேச்சிலராக இருப்பதில் அந்த நாலு நாளில் மாற்றம் எதுவும் ஏற்பட்டிருக்கவில்லை. நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனுக்குப் போய்விட்டோம். அங்கே அட்வான்ஸைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. மூட்டைப்பூச்சியும் பொதுக் கக்கூஸும் இருந்தாலும் அந்த விதத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கு நம் நகர நாகரிகத்தில் ஒரு கௌரவமான இடம் உண்டு.

நண்பன் அப்போது சொன்ன ஒன்றை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் தேவலை என்றான். முன்பு போன ஆறேழு வீடுகளில் எது பேச்சிலர் என்பதற்காக, எது மற்றதற்காக என்று இனிமேல் அவனால் பிரித்துப் பார்க்கவே முடியாது. எல்லா வீட்டுக்காரர்களையும் சந்தேகிக்க வேண்டும், அல்லது எல்லோரையும் நம்பிவிட வேண்டும். இரண்டும் மனிதனைக் கெடுக்கிறவை. மறுக்கப்பட்டவனின் அனுபவத்தையே நிச்சயமில்லாததாக ஆக்கிவிடுகிற இந்த மரியாதையான பொய், வெளிப்படையான வெறுப்பைவிடக் குறைந்த கொடுமை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் தில்லிப் பகுதியில் வாடகை வீடுகளைப் பற்றிச் செய்து 2015இல் வெளியான ஆய்வு தலித்துகளும் முஸ்லிம்களும் கூடுதலாக மறுக்கப்படுவதைக் காட்டியது. ஆய்வாளன் ஒரே வீட்டுக்கு வேறு வேறு பெயர்களை அனுப்பிப் பார்க்கலாம். வீடு தேடுகிறவனுக்கு இருப்பது ஒரே பெயர்.

ஒரே பெயர்தான் என்பதை மீற முயன்றவர் ஒருவர் உண்டு. 1917இல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலையேற்கப் போனபோது அவருக்கு வயது 26. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்குப் பரோடாவில் தங்க அறை இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. மாலைக்குள் வெளியேறச் சொல்லிவிட்டது. ஒரு ஹிந்து நண்பரிடமும் ஒரு கிறிஸ்தவ நண்பரிடமும் போய்க் கேட்டார். முன்னவர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். பின்னவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பம்பாய்க்கு ரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இதை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தடியோடு வந்தவர்களைவிட அந்த இரண்டு நண்பர்கள்தான் என்னைத் தொந்தரவு செய்கிறார்கள். கெட்டவர்கள் அல்ல அவர்கள். தங்கள் வீட்டு நிம்மதியை மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

நானும் யாரையும் வெறுக்கவில்லை, பக்கத்தில் நம்மவர் நாலு பேர் இருந்தால் சௌகரியம் என்றுதான் பார்க்கிறேன் என்று சொல்கிற இளைஞர்களை எனக்குத் தெரியும். பொய் சொல்லவில்லை அவர்கள். தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் 1971இல் இந்த மனோபாவத்தைச் சதுரங்கப் பலகை போன்ற ஒரு கட்டத்தில் காய்களை வைத்துப் பரிசோதித்தார். இரண்டு வகைக் காய்கள். தன்னைச் சுற்றியுள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்கு தன் வகையாக இருந்தால் ஒரு காய் திருப்தியடைந்துவிடும்; குறைந்தால் வேறு கட்டத்துக்கு நகரும். இவ்வளவு மிதமான ஆசையை வைத்துக்கொண்டே பலகை சீக்கிரத்தில் இரண்டு தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடுகிறது. எந்தக் காயும் அதை விரும்பவில்லை. நம் ஊரில் பலகையும் வெறுமையானதல்ல. நடு வீதி யாருக்கு, ஊர்க்கோடி யாருக்கு என்று கோடு போட்ட பிறகுதான் அது நம் கைக்கு வந்திருக்கிறது.

ஆகவே வாசலில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொல்லலாம், பொய் சொல்லலாம், சொல்ல மறுக்கலாம். பொய் சொல்கிறவனைக் குறை சொல்லும் யோக்யதை பரோடாவுக்குப் பிறகு யாருக்கும் இல்லை. மறுப்பது வீண் வீம்பு, வீடு அடுத்தவனுக்குப் போய்விடும், அவ்வளவுதான் என்பார்கள். ஆனால் மறுப்பவன் யார் என்பதைப் பொறுத்து அந்தச் செயலின் அர்த்தமே மாறிவிடுகிறது. தலித் இளைஞன் விடை சொல்ல மறுத்தால் வீட்டுக்காரர் அதையே விடையாக எடுத்துக்கொள்வார். அவனுக்கு மௌனம் கிடையாது. விடையைச் சொன்னால் சாவி கிடைத்துவிடும் என்ற ஸ்திதியில் இருப்பவன் மறுத்தால்தான் கேள்வி குழம்புகிறது. அப்படிச் சிலர் மறுக்க ஆரம்பித்தால், சொல்லாதவன் என்றால் இன்னார்தான் என்ற கணக்கு பிசகிவிடும். ஆக, இந்தக் கேள்வியால் காயம்படாதவனுக்குத்தான் இதை மறுக்கும் கடமை என்று நினைக்கிறேன். தாயாரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவனிடம் போய் இதைக் கேட்கமாட்டேன். தனி ஆளாக, கையில் சம்பளத்தோடு, மேன்ஷனில் இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிட முடியும் என்றிருப்பவனிடம் கேட்பேன். அந்த வயதின் சுதந்திரம் இதற்குக்கூட உபயோகப்படாவிட்டால் பிறகு எப்போது?

சட்டத்தை நம்பியிருக்கலாமே என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 15ஆம் ஷரத்து கடையையும் ஹோட்டலையும் கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. 2005இல் அகமதாபாத் ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017ஆம் வருஷத்துச் சட்டம் 2019இல் அமலுக்கு வந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாதம் வாங்கிப் பழகிய சென்னைக்கு அது நல்லதுதான். ஆனால் அது ஒப்பந்தம் ஆனவர்களுக்கிடையே நியாயம் பார்க்கிற சட்டம். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவன் அதன் கண்ணில் வாடகைதாரனே அல்ல.

இதுவரை இளைஞன் என்றே எழுதிக்கொண்டு வந்தேன். தனியாக வீடு தேடுகிற பெண்ணின் விஷயம் வேறு தளத்தில் இருக்கிறது. அவளை யார் என்று கேட்பதில்லை. யார் வீட்டுப் பெண் என்று கேட்கிறார்கள். அப்பா வந்து பேசட்டும் என்கிறார்கள். பெண்கள் விடுதிக்குப் போனால் இரவு இத்தனை மணிக்குக் கதவு சாத்தப்படும் என்ற விதியோடு ஊரின் நாலு வாசலும் அவளுக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கின்றன. யாருக்கும் தெரியாத தெரு என்ற ஆண்பிள்ளையின் ஆசையை அவள் கொள்வதற்கே முதலில் பாதுகாப்பு என்ற விலையைக் கொடுத்தாக வேண்டும். இதைப் பெண் ஒருத்தி எழுதினால் என்னைவிடத் திருத்தமாக எழுதுவாள்.

ஆரணியிலும் இப்போது சில வீடுகளில் தறிக்குழியை மூடி டைல்ஸ் பதித்துவிட்டார்கள். பிள்ளைகள் தறியில் உட்காரவில்லை. குழி இருந்த கூடத்தைத் தடுத்து அறையாக்கி, பாங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெளியூரிலிருந்து வருகிற இளைஞர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். எனக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவர் அப்படி ஒரு அறை கட்டினார். பையன் ஒருவன் வந்தானாம். மூன்று மாத அட்வான்ஸைக் கையிலேயே கொண்டுவந்தானாம். “நல்ல பையனாத்தான் தெரியறான். ஆனா ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டா, அது எதுக்குங்கன்னு கேக்கறான்” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அதுதானே, எதுக்கு பெரியப்பா என்றேன். பதில் சொல்லவில்லை. பிறகு இன்னொருவன் வந்து பார்த்திருக்கிறான், அவனும் சொல்லவில்லையாம். அறை மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, கட்டின கடனுக்கு வட்டி போய்க்கொண்டிருக்கிறது என்று பெரியம்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.