உருகி வெளியேறும் உருவம்

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. கேட்டால், “இன்னும் மனசு தயாராகல” என்பார்கள். பெரும்பாலும் அழுகை வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். கண்ணீர் வந்தால் மனம் தயார், வராவிட்டால் அடுத்த வருஷம்.

மனம் தயாராவது என்றால் என்னவென்று எனக்கு ஓரளவு பிடிபட்டது சுவாமிமலையில், முருகன் கோயில் ஊரில், ஸ்தபதிகளின் பட்டறைகளில். ஒரு கிறிஸ்தவன் இதைக் கற்றுக்கொள்ள அங்கே போனானா என்று சிலர் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

அங்கே முதலில் பிறப்பது மெழுகுச் சிலை. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி, விரல் நகம்வரை உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லப் பூசி, காயவிட்டு, பிறகு கனமாக மண் கட்டுகிறார்கள். வறட்டித் தீயில் சூடேற்றியதும் உள்ளே இருந்த மெழுகு துளை வழியாக ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில்தான் உலோகம் இறங்குகிறது. ஈரமோ மெழுகோ மிச்சமிருந்தால் காய்ச்சிய உலோகம் சீறித் தெறிக்கும்.

மனசைச் சுத்தம் செய்வது என்றால் குப்பையை அள்ளிக் கொட்டுவது என்றே நினைத்திருந்தேன். இங்கே வெளியேறுவது குப்பை அல்ல. பார்த்துப் பார்த்துச் செய்த அழகான உருவம். லூக்கா நற்செய்தியில் ஆலயத்தில் நின்று செபிக்கும் பரிசேயர் பொய் சொல்லவில்லை. வாரம் இரண்டு முறை நோன்பு, வருமானத்தில் பத்திலொரு பங்கு, எல்லாம் உண்மை. அவர் வடித்துவைத்திருந்த “நான்” குறையற்ற மெழுகுச் சிலை. அதனால்தான் உள்ளே வேறெதற்கும் இடமில்லை. நம் குடிப்பழக்கத்தை விடுவதைவிட, “நான் நல்லவன்” என்பதை விடுவது கஷ்டம்.

மண் தன் மெழுகைத் தானே உருக்கிக்கொள்வதில்லை. தீ வெளியிலிருந்து வர வேண்டும். அருள் என்று திருச்சபை சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சக்கேயு கதையிலும் வரிசை அதுதான். அவர் கணக்குத் தீர்த்த பிறகு இயேசு வரவில்லை. “உன் வீட்டில் தங்க வேண்டும்” என்ற பிறகுதான், சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்று அந்த வரிதண்டுபவர் எழுந்து நின்று சொல்கிறார்.

அப்படியானால் நாம் செய்ய ஒன்றுமே இல்லையா? திருமுழுக்கு யோவானிடம் மக்கள் அதைத்தான் கேட்டார்கள். அவர் யாரையும் அழச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரிதண்டுபவர்களிடம் விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரர்களிடம் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள் என்றார். நம் டெல்டாவுக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது சிரமமில்லை. ராத்திரியில் அடுத்தவன் மடையை அடைக்காதே. நடவுக் கூலியை இழுத்தடிக்காதே. வருஷத்துக்கு ஒரு சாண் வரப்பைச் சீவி உன் வயலைப் பெருக்காதே.

மறைக்கல்வி வகுப்பில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் என்று மனப்பாடம் செய்தோம். ஆத்தும சோதனையில் தொடங்கி அபராதம் தீர்ப்பதில் முடியும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை பாவமன்னிப்போடு ரத்தாகிவிடுவதில்லை. ஐந்தில் கண்ணீர் எங்கேயும் இல்லை.

வரப்பைப் பழைய இடத்தில் அணைக்க மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும். பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்வதா, சொல்லாமல் செய்வதா என்பதில்தான் தகராறு. சொல்லாமல் செய்தால் மண் திரும்பிவிடும், நம் பெயரும் கெடாது. சக்கேயு எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார். நான் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்கிற கட்சி.