காணாததும் அமானிதமே

தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பாலைவனத்திற்குச் சென்று, அங்குள்ள விலங்குகளை எண்ணித் தருவோர் இன்று பல நாடுகளிலும் உளர். துபாய் பாலைவனப் பாதுகாப்பகத்தின் 225 சதுர கிலோமீட்டர் மணற்பரப்பில் இத்தகைய கணக்கெடுப்புகள் நடைபெற்றுள்ளன. ஆராய்ச்சியாளரின் வழிகாட்டலில் தொண்டர்கள் நிலத்தைச் சதுரங்களாகப் பகுத்துக்கொண்டு, ஓரிக்ஸ் மான்களையும் கெஸல் மான்களையும் எண்ணிக் குறிக்கின்றனர். நரி வளைகளைத் தேடுகின்றனர். இரவில் நடமாடும் உயிர்களுக்காகத் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைப் பொருத்துகின்றனர். ஊதியம் ஏதுமில்லை.

இதனைத் தொண்டு என்பதா, செல்வர்களின் பொழுதுபோக்கு என்பதா? அயலான் பசித்திருக்க, மானை எண்ணப் புறப்படுவது முறையா?

இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட நம்மால் இயலாது. அயலானுக்குரிய கடமையை வேறெந்த நற்செயலும் ஈடுசெய்யாது. ஆயினும், தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு தந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை நபிமொழிகளில் பயின்றவர்கள் நாம். இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டை விலக்கப்பட்டதை அறிவோம். மதீனாவைப் புனித எல்லையாக்கி, அங்கு வேட்டையாடுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும் அறிவோம். விலங்கின் உயிரை அற்பமென்று கருதும் உரிமை நமக்கு அளிக்கப்படவில்லை.

எனினும் அந்த நாயின் தாகம் கண்முன் தெரிந்தது. நீர் தந்ததும் தணிந்தது. மணலில் நாளெல்லாம் அலைந்து ஏட்டில் ஓர் எண்ணை எழுதுவதால் எந்த உயிர் பிழைக்கிறது?

ஓரிக்ஸ் மானின் வரலாறே இதற்கு விடை. அரபுக் கவிஞர்கள் அழகிய விழிகளுக்கு உவமையாக்கிய இந்த வெண்ணிற மான், வாகனத்திலேறித் துப்பாக்கியுடன் துரத்திய வேட்டைக்காரர்களால் அருகியது. 1962-ஆம் ஆண்டு எஞ்சியவற்றுள் சிலவற்றைப் பிடித்து, அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர விலங்குக் காட்சிசாலையில் வளர்க்க ஏற்பாடாயிற்று. 1972-இல் ஓமான் நாட்டின் ஜித்தத்துல் ஹராஸீஸ் பாலைவெளியில் கடைசிக் காட்டு மான்களும் அழிந்தன. காப்பகங்களில் பெருகிய மந்தையிலிருந்து 1982-இல் அதே பாலைவெளிக்கு மான்கள் மீண்டன. அந்நிலத்தின் ஹராஸீஸ் குடியினரே அவற்றின் காவலராயினர்.

1996-இல் அங்கு ஏறத்தாழ 450 மான்கள் இருந்தன. பின்னர்க் கள்ளவேட்டை தலையெடுத்தது. 2007-இல் 65 மட்டுமே எஞ்சின. காப்பிடத்தின் பரப்பையும் அரசு பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடவே, 1994-இல் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்ற அவ்விடம் 2007-இல் அப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. வேறு பாலைகளிலும் மான்கள் விடப்பட்டுப் பெருகியதால், 2011-இல் அவ்வினத்தின் ஆபத்து நிலை ஒரு படி தணிந்ததாக அறிவிக்கப்பட்டது. வீழ்ச்சியையும் மீட்சியையும் உலகுக்குக் காட்டியவை, யாரோ சிலர் வெயிலில் நின்று எழுதிய எண்களே.

இங்கேதான் தொண்டரின் சோதனை தொடங்குகிறது. பொருள் செலவிட்டு நெடுந்தொலைவு வந்தவர், காலை முதல் மாலை வரை ஒரு சதுரத்தைச் சுற்றி ஒரு விலங்கையும் காணாது திரும்புகிறார். வெறுந்தாளைக் கொடுக்க நாணுகிறார். தொலைவில் அசைந்த நிழலை மானென்று எழுதிவிட்டால் யார் அறிவார்? எண்பதை நூறாக்கினால் யாருக்கு நட்டம்? அவ்வாறு பத்துப்பேர் எழுதினால், அழியும் மந்தை ஏட்டில் செழித்து நிற்கும். எச்சரிக்கை வேண்டிய நேரத்தில் யாவரும் உறங்குவர். ‘ஒன்றும் காணவில்லை’ என்று உள்ளபடி எழுதும் ஏடும் ஓர் அமானிதமே. அதனைச் சிதையாமல் ஒப்படைப்பவரின் தொண்டை நாம் எவ்வாறு குறைத்து மதிப்பது?

அவர் அழகைக் காணும் ஆசையுடனும் வந்திருக்கலாம். அதனால் அவருடைய நிய்யத் கெட்டுவிட்டதென்று நாம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஹஜ்ஜுக்குச் செல்பவர் வழியில் வணிகம் செய்து பொருளீட்டுவதையும் திருமறை குற்றமாக்கவில்லை. மகிழ்ச்சி கலந்திருப்பது தவறன்று. அம்மகிழ்ச்சிக்காக உண்மையை விற்பதே தவறு.

இன்னுமொன்று. தொண்டர் ஒரு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவார். ஆண்டு முழுதும் அவ்வெயிலில் நிற்பவர் காவலர். கூலி பெறுகிறார் என்பதால் அவர் பணி தாழ்ந்ததாகிவிடாது. மந்தை குறைந்த நாட்களில் அத்துயரத்தை அருகிருந்து கண்டவர் அவரே. பாலையிலிருந்து திரும்பும் தொண்டர், தாம் கண்ட மான்களைப் பற்றிப் பேசும்போது, தமக்குத் தடம் காட்டிய அம்மனிதரையும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டிருக்கிறார்.

காண்பவர் எவருமில்லாத மணல்வெளியில் ஒருவர் எழுதும் எண்ணை அல்லாஹ் காண்கிறான். அந்நினைவு உள்ளவர் கையில் ஏட்டைத் தந்து அனுப்பலாம்.